பக்க எண் இல்லாத வசனம்

பிப்ரவரி 3, 2025 – திங்கள்

என் ஆய்வேட்டின் நான்காம் இயல் திரும்பி வந்துவிட்டது. ஓரமெல்லாம் சிவப்பு மை. நூற்பட்டியலில் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் என் கைடு திம்மராயன் சார் எழுதியிருக்கிறார்: ‘ஆசிரியர் பெயர்?’

ஆசிரியர் பெயர்! என்னத்தை எழுத?

சாயங்காலம் ஓசூரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அவர் கல்லூரிக்கே போனேன். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறது, பதிப்பகம், ஆண்டு எல்லாம் இருக்கிறது, அது இறைவன் சொல், ஆசிரியர் என்று ஒருவரைப் போட எங்கள் மார்க்கத்தில் வழியில்லை என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, பல்கலைக்கழகப் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார். அத்தோடு விட்டாரா? அத்தியாயமும் வசன எண்ணும் போதாதாம், பக்க எண்ணும் வேண்டுமாம். உலகத்தில் எந்தப் பதிப்பைத் திறந்தாலும் அத்தியாயமும் வசனமும் மாறாது, பக்கம்தான் மாறும், அதனால்தான் யாரும் பக்கம் போடுவதில்லை என்றேன்.

“அது வெறும் விலாசம்மா. நீ அந்த வூட்டுக்குப் போய்ப் பாத்தியான்னு எனக்கு எப்படித் தெரியும்? பக்கம் போடு.”

மே 31 அன்று அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் வேறு கைடு, வேறு குணம், மறுபடி முதலிலிருந்து. நான் பாடம் நடத்தும் ஓசூர்க் கல்லூரியில் வேறு, முனைவர் பட்டம் இல்லாதவர்களைப் பற்றி முதல்வர் ஒவ்வொரு கூட்டத்திலும் பேச ஆரம்பித்துவிட்டார். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 6 – வியாழன்

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிடிபி கடை ஹரீஷ்குமார், நூற்பட்டியலை மென்பொருளில் போட்டு அழகாக்கித் தருகிறேன் என்று வாங்கிப் போனான். அழகாக்கிவிட்டான். இப்போது ஆங்கிலத்தில் ‘குர்ஆன், ஹெச்.’ என்று இருக்கிறது. ‘ஹோலி’ இனிஷியல் ஆகிவிட்டது. ஒப்பிடுவதற்காக ஓரிடத்தில் பைபிளையும் சொல்லியிருந்தேன். அது ‘பைபிள், ஹெச்.’ ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல.

சத்தம் போட்டேன். அவன் அசரவில்லை. “சாஃப்ட்வேர் அப்படித்தான் எடுக்குது மேடம். ஆனா ஆசிரியர் கட்டம் ஃபுல் ஆயிடுச்சில்ல?” என்கிறான்.

பிப்ரவரி 11 – செவ்வாய்

ஒப்புமைச் சோதனை முடிவு வந்தது. நான் காப்பியடித்திருக்கிறேனாம். எங்கிருந்து? இறைவனிடமிருந்து. வசனங்கள் இருக்கும் இடமெல்லாம் மஞ்சள் கோடு.

மேற்கோள் குறிக்குள் இருப்பதை விட்டுவிட்டுச் சோதிக்கலாமே சார் என்றேன். எதற்கு வம்பு, வசனத்தைச் சொந்த வார்த்தையில் கொஞ்சம் மாற்றி எழுதிவிடு என்கிறார். மாற்றி எழுதுவதா? எழுதிவிட்டு மேலே ‘திருக்குர்ஆன்’ என்று போடுவதா? என் மாமியார் காதில் விழுந்தால் என்னை வீட்டுக்குள் சேர்ப்பாரா? மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இறைவசனமும் அட்டவணையும் ஒன்று.

மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் இப்படி நிமிர்ந்து நின்று பேசியதில் எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 20 – வியாழன்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது. எங்கள் கல்லூரி கேன்டீனில் போண்டா வாங்கினேன். சுற்றித் தந்த காகிதத்தில் என் நான்காம் இயல். ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களை ஆபீசில் கேன்டீனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நான் திருத்தம் பார்க்கக் கொண்டுபோன கட்டு எப்படியோ அதில் சேர்ந்துவிட்டது. எண்ணெய் ஊறிய தாளில் வசனம் பளிச்சென்று தெரிகிறது.

போண்டாவை வைத்துவிட்டு உள்ளே போய் மிச்சத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசை மாதேஸ்வரியும் கூட வந்து, எதற்கென்று கேட்காமலே பொறுக்கினாள். நல்லவள்.

வீட்டிலும் இதே தொல்லைதான். வசனம் உள்ள தாளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட முடியாது, குப்பையிலும் போட முடியாது. மரியாதையாகப் புதைக்க வேண்டும். சார் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புது நகல் கேட்கிறார். மாமி ஃபகருன்னிசா அத்தனையையும் துணிப்பையில் போட்டுப் பீரோ மேல் அடுக்கிக்கொண்டே வருகிறார். பையைப் பார்த்துவிட்டு, “படிப்பு முடியுமா, பீரோ ஒடையுமா, எது மொதல்ல?” என்று கேட்டார்.

மார்ச் 5 – புதன்

நோன்பு. ஓசூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முன்னால் கன்னடம், பின்னால் தெலுங்கு, நடுவில் என் தலைவலி.

பக்க எண் இன்னும் போடவில்லை. போட மாட்டேன் என்றுதான் இருக்கிறேன்.

மார்ச் 16 – ஞாயிறு

பக்க எண் போட உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கவே கூடாது. இல்லை, எப்போதோ உட்கார்ந்திருக்க வேண்டும்.

நிதானமாக எழுதுகிறேன். என் ஆய்வே மாங்காய் மண்டிகளில் வியாபார நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பது. நான்காம் இயலின் உயிர் எங்கள் குடும்ப மண்டியின் பலகை. மாமனார் லால் பாஷா காலத்திலிருந்து வாசலில் இருக்கும் பலகை: ‘ஏமாற்றி விற்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் – திருக்குர்ஆன் 83:3.’ சிங்காரப்பேட்டையிலிருந்து மருமகளாக வந்த அன்றே அதைப் படித்தேன். வேப்பனப்பள்ளி விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் இந்த மண்டிக்குக் காய் கொண்டுவருகிறோம் என்று பேட்டியில் சொன்னார்கள். போன வருடம் ஆய்விதழில் வந்த கட்டுரைக்குத் தலைப்பே அந்த வரிதான், வசன எண்ணோடு. அந்தக் கட்டுரை இருப்பதால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே தகுதி. என் பெயர் முதலில், வழக்கப்படி கைடு பெயர் இரண்டாவது.

பகல் தொழுகை முடித்துவிட்டு, சாரை மனதுக்குள் திட்டிக்கொண்டே மொழிபெயர்ப்பை எடுத்தேன். எண்பத்து மூன்றாம் அத்தியாயம். மூன்றாம் வசனம்.

அந்த வரி அங்கே இல்லை.

அங்கே இருப்பது அளவையைப் பற்றியது. முந்தின வசனத்தோடு சேர்த்துப் படித்தால், வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைப் பற்றியது. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், அத்தியாயம் முழுக்கப் பார்த்தேன். பிறகு தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். பலகையில் இருப்பது நபிமொழி. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது நபிகள் சொன்னது. உண்மையான சொல்தான், ஆனால் குர்ஆன் இல்லை.

அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம். எட்டு வயதில் ஓதியது, இன்றும் தடங்கல் இல்லாமல் அரபியில் ஓதுவேன். ஓதும் வாய்க்கும் பலகையைப் படிக்கும் கண்ணுக்கும் நடுவில் இத்தனை வருடம் ஒரு சுவர் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

‘நீ அந்த வூட்டுக்குப் போய்ப் பாத்தியா?’

போகவில்லை சார். போகவே இல்லை.

மார்ச் 17 – திங்கள்

இறைவன் சொல்லாததை இறைவன் சொன்னதாக அச்சில் போட்டிருக்கிறேன். வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

மார்ச் 19 – புதன்

நோன்பு திறந்தபின் என் கணவர் மன்சூரிடம் கேட்டேன். அவருக்குப் பேரீச்சம்பழம் தொண்டையில் நின்றுவிட்டது. பிறகு யோசித்து யோசித்து அவரே சொன்னார். ஆரம்பத்தில் பலகை பெரியதாம். மேலே குர்ஆன் வசனம், அதன் எண். கீழே நபிமொழி. என் கல்யாணத்துக்கு முன்னால் ஹைவே அகலப்படுத்தியபோது முகப்பை இடித்துப் பின்னால் தள்ளிக் கட்டினார்களாம். புதுப் பலகை சின்னது. இரண்டும் கொள்ளவில்லை. பெயிண்டர் முனிவேல் நீளமான வசனத்தை விட்டுவிட்டு, சின்னதாக இருந்த நபிமொழியை எழுதினார். கடைசியில் எண் போடாவிட்டால் மொட்டையாக இருக்கிறதே என்று வசனத்தின் எண்ணைக் கொண்டுவந்து அதன் வாலில் ஒட்டிவிட்டார்.

யாரும் கவனிக்கவில்லை. மாமனார், பள்ளிவாசல் ஆட்கள், மண்டிச் சங்கம், நான். முக்கியமாக நான். ஹரீஷ்குமாரை அன்றைக்கு அந்தப் பேச்சுப் பேசினேனே!

மார்ச் 24 – திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார், பக்க எண் கேட்டபோதே சொன்னேனே என்பார் என்று நினைத்துப் போனேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

ஆய்வேட்டில் மட்டும் மாற்றிவிடு, வந்த கட்டுரை கிடக்கட்டும் என்கிறார். யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்கிறார். நான் ஆய்விதழுக்குத் திருத்தம் எழுத வேண்டும் என்றேன். தலைப்பிலேயே தப்பு இருக்கிறது சார், படிக்கிற ஒருவர் அதை வசனம் என்றே எடுத்துக்கொள்வார் என்றேன்.

“இத்தன வருஷ சர்வீஸ்ல எம் பேர்ல ஒரு திருத்தம் வந்ததில்ல. ரிட்டையர் ஆகுற நேரத்துல வேணாம்மா.”

புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் என் உயிரை எடுத்த மனுஷன்! ஆசிரியர் பெயர் எங்கே, பக்கம் எங்கே, ஆண்டு எங்கே என்று இரண்டு மாதமாகக் குடைந்தவர், உண்மையிலேயே தப்பு என்றதும் கிடக்கட்டும் என்கிறார். இதற்கா நான் வருடக்கணக்கில் பஸ் ஏறி இறங்கினேன்?

திட்டிக்கொண்டேதான் வீடு வந்தேன். ஆனால் நடுவழியில் ஒன்று தோன்றியது. அவர் சொல்கிறபடி செய்தால் எனக்கும்தானே நல்லது? மே மாதம் சமர்ப்பித்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததுதான் இன்றைக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 4 – வெள்ளி

பெருநாள் முடிந்தது. பிரியாணி, உறவினர், ‘எப்போது டாக்டர் ஆகப் போகிறாய்?’

எதற்கும் இருக்கட்டும் என்று ஆய்விதழுக்கு மின்னஞ்சல் போட்டிருந்தேன். இன்று பதில். மேற்கோள் பிழை முடிவுகளைப் பாதிக்காது, விட்டுவிடலாம் என்று முதல் வரி. இல்லை, திருத்தத்தான் வேண்டுமென்றால் இரண்டு ஆசிரியர்களும் சம்மதக் கடிதம் தர வேண்டும். ஜூலை இதழில் திருத்தம் வரும், அதுவரை கட்டுரை ‘பரிசீலனையில்’ என்று இருக்கும்.

பரிசீலனையில் இருக்கும் கட்டுரை சமர்ப்பிக்கும் தகுதிக்குச் சேராது. அதாவது, திருத்தினால் மே போச்சு. சாரும் போச்சு.

ஏப்ரல் 9 – புதன்

மன்சூரோடு சண்டை. பலகையையாவது மாற்றுங்கள் என்றேன். சீசன் முடியட்டும் என்கிறார்.

“இப்ப பலகைய எறக்குனா காய் கொண்டாரவன் இன்னா நெனப்பான்? ‘ஏமாத்த மாட்டன்னு எழுதி வெச்சிருந்தான், இப்ப எடுத்துட்டான், இனிமே ஏமாத்தப் போறான்’னுதான நெனப்பான்?”

அவர் சொல்வது நியாயம்தான். அதுதான் ஆத்திரம். எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது, பலகையில் மட்டும் தப்பு இருக்கிறது.

மாமி அடுப்படியிலிருந்தே கேட்டார். தப்பு என்று தெரிந்த பிறகும் தொங்கவிட்டால் அதற்குப் பெயர் என்ன? மன்சூர் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார். மாமி அதை எனக்கும் சேர்த்துத்தான் கேட்டாரோ என்னவோ.

ஏப்ரல் 10 – வியாழன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம், மூன்று பேர் சேர்ந்து.

ஏப்ரல் 21 – திங்கள்

மாதேஸ்வரி கைபேசியை நீட்டினாள். வாழ்த்துகள் என்றாள். யாரோ ஒரு ஆய்வு மாணவர், எந்த ஊரோ, என் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார். சந்தோஷமாக வாங்கிப் பார்த்தேன். ‘வணிக நேர்மை பற்றித் திருக்குர்ஆன் இவ்வாறு கூறுகிறது’ என்று எழுதி, பலகை வரியைப் போட்டு, 83:3 என்று போட்டு, அடைப்பில் என் பெயர். நான் சொன்னதால் அவர் நம்பிவிட்டார். பலகை சொன்னதால் நான் நம்பியதுபோலவே.

அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அழுகிய காயை அடியில் வைத்து மேலே நல்ல காயை அடுக்கி விற்றவள் நான். ‘ஏமாற்றி விற்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர்’ என்ற வரியை வைத்தே விற்றிருக்கிறேன். போதும், இதற்கு மேல் தாங்காது.

சம்மதக் கடிதம் தயார் செய்தேன். என் கையெழுத்தைப் போட்டு ஸ்கேன் எடுத்துச் சாருக்கு அனுப்பிவிட்டேன். ‘நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும் சார். போடாவிட்டால் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மாட்டேன்’ என்று ஒரே ஒரு வரி.

ஏப்ரல் 30 – புதன்

சாரிடமிருந்து ஒன்றுமில்லை.

மே 11 – ஞாயிறு

மண்டியில் கூட்டம். காய் வரத்து அதிகமான நாட்களில் கணக்கு பார்க்க ஆள் போதாது என்று நானும் போயிருந்தேன். பதினொரு மணி வாக்கில் நிமிர்ந்தால், வாசலில் திம்மராயன் சார். வருடா வருடம் செந்தூரா மாம்பழம் ஒரு கூடை வாங்க வருவார், இந்த வருடம் வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

நான் சாருக்குக் கடிதம் அனுப்பிய விஷயம் மன்சூருக்குத் தெரியாது. அவர் வழக்கம்போலக் கூடையைச் சாய்த்து, மேல் அடுக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அடி அடுக்கைக் காட்டினார். எங்கள் மண்டியில் யாருக்கு விற்றாலும் அப்படித்தான், மாமனார் வைத்த வழக்கம்.

“கீழ நாலஞ்சு காய் அடிபட்டது சார். மொதல்லயே சொல்லிட்றன். வேணாம்னா வேற கூடை எடுத்துக்குங்க.”

சார் குனிந்து பார்த்தார். பிறகு தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மன்சூரும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மே 14 – புதன்

சார் கையெழுத்துப் போட்டு ஆய்விதழுக்கே நேரே அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு நகல். கூடவே ஒரு குறிப்பு:

‘திருத்தக் கடிதத்தில் நம் கட்டுரையின் பக்க எண்ணை விட்டுவிட்டாய். சேர்த்திருக்கிறேன்.’

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். மாதேஸ்வரி கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

மே 26 – திங்கள்

பெயிண்டர் முனிவேல் வந்தார். சீசன் முடியட்டும் என்ற மன்சூர்தான் கூப்பிட்டனுப்பினார். ஏன் மனம் மாறினீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டார். வரி அப்படியே இருக்கிறது. ‘திருக்குர்ஆன் 83:3’ போய், அந்த இடத்தில் ‘நபிமொழி’ வந்திருக்கிறது. ஒரு நம்பர் இல்லாமல் மொட்டையாக இருக்கிறதே என்று முனிவேல் இன்றைக்கும் ஆரம்பித்தார். மன்சூர் கும்பிடு போட்டு ஏணியிலிருந்து இறக்கினார்.

பெயிண்ட் காய்வதற்குள், காய் கொண்டுவந்த வேப்பனப்பள்ளி திம்மப்பன் கேட்டுவிட்டார், எதற்காக மாற்றினீர்கள் என்று. மன்சூர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். இத்தனை வருஷம் தப்பாக எழுதியிருந்தோம், இப்போதுதான் தெரிந்தது என்றார். திம்மப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்ப தராசையும் ஒருதபா பாத்துடுங்க,” என்றார்.

பார்த்தார்கள். தராசு சரியாக இருந்தது. காயை இறக்கிவிட்டுத்தான் போனார்.

மே 31 – சனி

சாருக்கு வழியனுப்பு விழா. மாலையோடு நின்றவரிடம் போய், அவர் பெயரில் திருத்தம் வரவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மாம்பழம் நன்றாக இருந்தது என்றார்.

ஜூன் 8 – ஞாயிறு

நேற்று பக்ரீத். இன்று மாமியும் நானும் துணிப்பைகளை எடுத்துப் போய்ப் பள்ளிவாசல் பின்புறம் குழி வெட்டி நான்காம் இயல்களை அடக்கம் செய்தோம். வசனமே அல்லாத பலகை வரிக்கும் இத்தனை மரியாதையா மாமி என்றேன். நபி சொன்னது என்றால் மட்டும் குப்பையில் போடுவாயா என்று ஒரு முறை முறைத்தார். பீரோ தப்பித்தது.

ஜூன் 19 – வியாழன்

புது கைடு ஒதுக்கிவிட்டார்கள். ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரி, சின்ன வயது, படுசுறுசுறுப்பு என்று கேள்வி. இன்று முதல் மின்னஞ்சல். வாழ்த்து, நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. ஒரே கேள்வி:

‘நூற்பட்டியல் பார்த்தேன். குர்ஆனுக்கு ஆசிரியர் பெயர் விட்டுப்போயிருக்கிறதே மேடம்?’

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பஸ் சூளகிரி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பிறகு எடுத்துப் பதில் எழுதினேன். ஆசிரியர் கட்டம் காலியாகத்தான் இருக்கும் ஐயா, மன்னிக்கவும். ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்க எண் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் நானே எடுத்துப் பார்த்துப் போட்டது.